ஓனர் நேர்ல வரணும்

வண்டிய மூணாவது சுத்தும் சுத்தி முடிச்சாச்சா? பேஷ். பெருமாளையே நான் மூணு பிரதட்சிணத்தோட விட்டுடுவேன். முடிஞ்சுதுன்னா இப்படி வந்து உக்காருங்கோ. வாட்ச்மேன் சேர்தான். அவன் மொட்டை மாடில தண்ணி டேங்க் பாக்கப் போயிருக்கான், எறங்கி வர அரை மணியாகும். எனக்கு ஆபரேஷன் ஆன மொழங்கால், நின்னுண்டே வியாபாரம் பேச முடியாது.

பேரு என்ன சொன்னேள், க்ளென்னா? டொம்லூர்லேருந்தா வரேள்? டொம்லூர்லேருந்து மல்லேஸ்வரத்துக்கு ஒண்ணே முக்கால் மணி. பரவால்லையே, சீக்கிரம் வந்துட்டேளே. உங்க ஆப்புல இன்ஸ்பெக்டர் பத்து நிமிஷத்துல வந்துடுவார்னு ஒரு பொம்மைக் காரு காட்டிண்டே இருந்துது. மேக்ரி சர்க்கிள்ல நின்னது நின்னபடி. பாத்துப் பாத்து எனக்குக் கண்ணு பூத்துப் போயிடுத்து.

நீங்க எழுத ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். ஆர்சி பாத்தேளோல்லியோ? வண்டி என் பேர்ல இல்ல. நிருபமா ராமகிருஷ்ணன்னு இருக்கும். என் மாட்டுப்பொண்ணு, எங்க ராம்கியோட ஆம்படையா. விக்கணும்னா ஓனர் நேர்ல வந்து கையெழுத்துப் போடணுமோ? என்னது, அதெல்லாம் கடைசில பாத்துக்கலாமா? சரி, கடைசிலயே பாப்போம். எனக்கென்ன அவசரம், ரிடையர் ஆனவன்.

எந்தக் கீறல்? எடது பக்கக் கதவுல இருக்கே, அதுவா? அது வாக்கர் இடிச்சது. ஆமா, கெழவா பிடிச்சுண்டு நடப்பாளே, அந்த வாக்கர்தான். ஆக்சிடென்ட்னு போட்டுடாதீங்கோ, மணிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்துல நடந்த சம்பவம். முன் சீட்ல ஒரு குஷன் கெடக்கும், அது வண்டியோட வராது. அத மட்டும் எடுத்துக் குடுத்துடுங்கோ. போறும், இப்படி மடில வெச்சுக்கறேன்.

வாங்கின வெலையா? சொல்றேன், நெஞ்சப் பிடிச்சுக்கோங்கோ. ஆன் ரோடு பதினேழு லட்சத்து நாப்பதாயிரம். ரெண்டாயிரத்து இருவத்தி மூணு மார்ச். கம்பெனி பேர நான் வாயால சொல்ல மாட்டேன். வண்டி மூக்குலயே பெருசா எழுதியிருக்கு, படிச்சுக்கோங்கோ.

பதினோரு மாசம் ஆச்சு. அடுத்த பிப்ரவரில ஒரு நாள் கார்த்தால பேப்பரப் பிரிக்கறேன், முழுப்பக்க வெளம்பரம். அதே எலெக்ட்ரிக் வண்டி, அதே செவப்பு, ஒண்ணேகால் லட்சம் கம்மி. பேட்டரி செல் வெலை எறங்கிடுத்தாம், அந்த லாபத்த ஜனங்களுக்கே திருப்பித் தராளாம். எப்பேர்ப்பட்ட தர்மப் பிரபு! அப்போ பதினோரு மாசம் முன்னாடி வாங்கின நாங்க ஜனங்க இல்லையா? விடல நான். ஷோரூமுக்குப் போன் பண்ணினேன். ஒரு பொண்ணு எடுத்தா. கோவிச்சுக்காதீங்க சார், நீங்கள்ளாம் எர்லி அடாப்டர் சார்ங்கறா. முன்னாடியே வாங்கினவாளுக்கு அப்படி ஒரு பட்டமாம். எங்க காலத்துல அதுக்கு ஏமாளின்னு பேரு. இங்கிலீஷ்ல சொன்னா எல்லாமே கௌரவமாத்தான் இருக்கு.

அதோட விட்டானா? அந்த வருஷமே கணேஷ் சதுர்த்திக்கு இன்னொரு ரெண்டு லட்சம் தள்ளுபடி. பிள்ளையாருக்குக் கொழுக்கட்டை, எங்களுக்கு நாமம். ஐயங்கார்தானே, நாமம் பழக்கம்தானேன்னு நெனச்சுட்டான் போலருக்கு. அப்பறம் பேட்டரிய வாடகைக்கு விட்டான். வண்டிய மட்டும் ஒம்பது சொச்சத்துக்கு வாங்கிக்கோ, பேட்டரிக்குக் கிலோமீட்டருக்கு இவ்வளவுன்னு கட்டிண்டே இரு. வீட்ட வாங்கிக்கோ, அஸ்திவாரத்துக்கு மட்டும் மாசாமாசம் வாடகை குடுன்னா எப்படி இருக்கும்? ஆனா அதையும் ஜனங்க வாங்கறா. அவன் ஒம்பதுன்னு போர்டு வெச்சப்பறம் இந்தப் பழச எவன் பத்துக்குக் கேப்பான், சொல்லுங்கோ.

போன நவராத்திரிக்குப் பெட்ரோல் வண்டிக்கு ஜிஎஸ்டியக் கொறச்சாளோல்லியோ? அது நம்ம வண்டி இல்லையே, நமக்கென்னன்னு நிம்மதியா உக்காந்திருந்தேன். வெலை பாக்க வந்தவா அத்தனை பேரும் அதையே சொல்றா. புதுப் பெட்ரோல் வண்டியே இவ்வளவு மலிவாக் கெடைக்கறச்சே பழைய எலெக்ட்ரிக் யாருக்கு வேணும் சார்ங்கறா. அடுத்தாத்துல கல்யாணம், எங்காத்துல செலவு.

ஆமா, உங்களுக்கு முன்னாடியும் வந்திருக்கா. அத அப்பறம் சொல்றேன். மொதல்ல ஒரு வாய் காபி சாப்பிடுங்கோ, இந்த பிளாஸ்க்ல இருக்கு. மேலேருந்து சுப்புலக்ஷ்மி குடுத்து அனுப்பினா, என் ஆத்துக்காரி. எறங்கி வர மாட்டா. வண்டி விக்கற பேச்சுன்னா அவ பக்கத்துலயே நிக்கறதில்ல.

இவ்வளவு வெலை குடுத்து ஏன் வாங்கினேள்னு கேக்கறேளா? நல்ல கேள்வி. இத ஒருத்தரும் கேக்கல. வரிச் சலுகைக்காக வாங்கினது ஸ்வாமி. நான் முப்பத்தஞ்சு வருஷம் ஸ்டேட் கவர்மென்ட்ல வரி ஆபீஸ்ல குப்பை கொட்டினவன். எந்த ஆபீஸ்னு கேக்காதீங்கோ, பென்ஷன் வந்துண்டிருக்கு. எலெக்ட்ரிக் வண்டிக்கு லோன் போட்டா, வட்டில வருஷத்துக்கு ஒண்ணரை லட்சம் வரைக்கும் வருமானத்துல கழிச்சுக்கலாம்னு ஒரு செக்‌ஷன் இருந்துது. ஆனா லோன் அந்த வருஷம் மார்ச் முப்பத்தொண்ணுக்குள்ள சாங்ஷன் ஆகியிருக்கணும். ஏப்ரல் ஒண்ணுன்னா ஏப்ரல் ஃபூல். என் பென்ஷனுக்கு வரியே கிடையாது. ராம்கி சம்பளம் சுமார். ஆத்துல முப்பது பர்சன்ட் கட்டறவ நிருபமா ஒருத்திதான். அதனால வண்டி அவ பேர்ல, லோன் அவ பேர்ல. மத்தவா கலர் பாத்து வண்டி வாங்குவா, மைலேஜ் பாத்து வாங்குவா. எங்க மாதிரி குடும்பத்துலதான் செக்‌ஷன் பாத்து வாங்கறது.

எங்காத்துல ஒரு மேதாவி உண்டு. மார்ச் இருபதாம் தேதியிலேருந்து அந்த மேதாவிக்குத் தூக்கமே இல்ல. லோன், லோன்னு ஒரே ஜபம். பேங்க்காரன் கடைசில என்னிக்கு சாங்ஷன் பண்ணினான் தெரியுமோ? ராமநவமிக்கு முத நாள். அஷ்டமி. இதோ பாருங்கோ, சட்டைப் பைல பாக்கெட் பஞ்சாங்கம். அஷ்டமில தொடப்பம் கூட வாங்காத குடும்பம் இது. சுப்புலக்ஷ்மி தலைதலையா அடிச்சுண்டா. வருமான வரிக்கு அஷ்டமி நவமியெல்லாம் கிடையாதுன்னு மேதாவி அவ வாய அடைச்சாச்சு.

மிச்சம் எவ்வளவு ஆச்சா? மொத வருஷம் வட்டி கிட்டத்தட்ட ஒரு லட்சம், அதுல வரி முப்பதாயிரம் மிச்சம். மறு வருஷம் புது வரி முறைதான் லாபம்னு கணக்குப் போட்டுப் பாத்து அவ அதுக்கு மாறிண்டா. அதுல இந்தக் கழிவு கிடையாது. தீந்துது. முப்பதாயிரத்த மிச்சம் பிடிக்கப் போய், வெலை எறங்கினதுல மட்டும் மூணேகால் லட்சம் அவுட். சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

என்ன சிரிக்கறேள்? சிரிங்கோ, சிரிங்கோ. நானும் நன்னாச் சிரிச்சவன்தான்.

தேதி வாரியா எப்படி ஞாபகம்னா, நான் தெனம் படிச்சேனே. கார்த்தால ஏழே முக்காலுக்கு, டைனிங் டேபிள்ல. நிருபமா லேப்டாப் பையத் தோள்ல மாட்டிண்டு, நின்னுண்டே இட்லிய முழுங்குவா. நான் பேப்பரப் பிரிப்பேன். நிருபமா, உன் ரதம் இன்னிக்கு என்ன ரேட்டு தெரியுமோம்பேன். தங்கம் ஏறியிருக்கு, வெங்காயம் ஏறியிருக்கு, உன் வண்டி மட்டும் அடக்கமா எறங்கிண்டே இருக்கும்மாம்பேன். வெளம்பரம் இல்லாத நாள்ல, இன்னிக்கு ஒண்ணும் கொறையல, ஒடம்பு சரியில்லையோ என்னமோம்பேன். ஆரம்பத்துல அவளும் சிரிச்சா. நெஜமாவே சிரிச்சா. எப்போ நிறுத்தினான்னு எனக்குத் தெரியல. மூஞ்சிக்கு நேரா பேப்பர் இருந்துதே, எப்படித் தெரியும்?

ஆத்துக்கு யார் வந்தாலும் ஒரு புதிர் போடுவேன். கீழ ஒரு செவப்பு வண்டி நிக்கறது, வாங்கறச்சே பதினேழே கால்… பதினேழு நாப்பது, இப்போ என்ன இருக்கும், சரியாச் சொன்னா ஒரு காபி. எல்லாரும் பன்னெண்டு, பதிமூணும்பா. நான் ஏழும்பேன். ஒரு சிரிப்பு அலை எழும்பும். அவ உள்ள காபி கலந்துண்டிருப்பா.

போன நவராத்திரிக்கு மைசூர்லேருந்து அவ அப்பா அம்மா வந்திருந்தா. கொலுல செட்டியார் பொம்மை வெப்போம், தெரியுமோ? கடை பரப்பிண்டு, முன்னாடி அரிசி, பருப்பு, வெல்லம் எல்லாம் கிண்ணத்துல வெச்சு, தொந்தியும் தானுமா உக்காந்திருப்பார். நான் என்ன பண்ணினேன்? வண்டிச் சாவிய எடுத்து அந்தச் செட்டியார் முன்னாடி, வெல்லத்துக்குப் பக்கத்துல வெச்சேன். கொலுவுலயே ஒசத்தியான பொம்மை இதுதான், பதினேழு லட்சம், பெட்ரோல் வண்டியே எறங்கிடுத்து, செட்டியாரே, இதுக்கு என்ன தருவீர்னேன். ரூம் முழுக்கச் சிரிச்சா. அவ அப்பா மட்டும் சிரிக்கல. கைல இருந்த சுண்டலையே பாத்துண்டிருந்தார்.

மறுநாள் கார்த்தால டேபிளுக்கு வந்து உக்காந்தேன். பேப்பர் மடிச்சபடி இருந்துது. அதுக்கு மேல சாவி. அவ அதே மாதிரி பையோட நின்னுண்டிருந்தா. என்னப் பாத்து, அப்பா, இன்னும் கொறையறதுக்குள்ள வித்துடுங்கோன்னா. கோபமே இல்ல. கோபமா இருந்திருந்தா நான் ஒரு பதில் குடுத்திருப்பேன். என் கிட்ட எப்பவும் ஒரு பதில் இருக்கும்.

தீபாவளி ஆனப்பறம் ரெண்டு பேருமா பொம்மசந்திராப் பக்கம் வாடகைக்கு வீடு எடுத்துண்டு போயாச்சு. அவ ஆபீஸுக்குப் பக்கமாம். ராம்கி ஞாயித்துக்கிழமை மெட்ரோல வரான், வண்டி மாறி மாறி. தனியா. அவளுக்கு வேலைங்கறான். வருஷம் பூரா எல்லா ஞாயித்துக்கிழமையும் வேலை வாங்கற கம்பெனி உலகத்துலயே அது ஒண்ணுதான் போலருக்கு. நான் போன் பண்ணினா எடுக்க மாட்டா. சுப்புலக்ஷ்மிக்கு எடுப்பா, அப்பா நன்னா இருக்காரான்னு கேப்பாளாம். ஆனா லோன் ஈஎம்ஐ மட்டும் மாசாமாசம் அஞ்சாம் தேதி டாண்ணு கட்டறா. இங்க தூசி தின்னுண்டு நிக்கற வண்டிக்கு.

சொல்லுங்கோ, கணக்குப் போட்டாச்சா? எவ்வளவு? ஏழு லட்சத்துப் பத்தாயிரமா? அந்தப் பத்தாயிரம் எதுக்கு, மொய்யா? சும்மா சொன்னேன். பாருங்கோ, வாய் நிக்க மாட்டேங்கறது. நல்ல வெலைதான்.

பதினாலாயிரம் கிலோமீட்டர்னு எழுதியிருக்கேளே, அது எதுக்கு ஓடினதுன்னு ஒரு கட்டம் இருக்கா அதுல? இல்லையா. இருந்தா எழுதிக்கலாம். மொழங்கால் ஆபரேஷன் ஆகி மூணு மாசம், வாரத்துக்கு மூணு நாள், கார்த்தால ஆறரைக்கு என்ன ஜெயநகருக்குப் பிசியோதெரபிக்கு அழைச்சுண்டு போனா. அவதான். ராம்கிக்கு அந்த நேரத்துக்கு முழிப்பு வராது. ஆட்டோக்காரா வாக்கரப் பாத்தாலே வேகமெடுத்துடுவா. இவ என்னத் தாங்கிப் பிடிச்சு உக்கார வெச்சு, முதுகுக்கு இந்தக் குஷனச் செருகி, வாக்கர மடிச்சுப் பின்னாடி போட்டுண்டு போவா. அப்படி ஒரு நாள், நானே ஏறிக்கறேன், எனக்கென்ன வயசா ஆயிடுத்துன்னு வீம்பு பண்ணினப்போ விழுந்த கீறல்தான் அது. திரும்பி வந்து, குளிச்சு, ஆபீஸுக்குக் கெளம்பி, ஏழே முக்காலுக்கு இட்லிய… இல்ல, அந்த நாள்ல எட்டேகால் ஆகும். எட்டேகாலுக்கும் நான் பேப்பர் படிச்சேன். பிசியோதெரபிலேருந்து வந்து, அதே வண்டிலேருந்து எறங்கி, கை அலம்பிண்டு உக்காந்து, அந்த வண்டியோட வெலையப் படிச்சேன்.

மேதாவி ராம்கின்னு நெனச்சேளா? ராம்கிக்கு செக்‌ஷனும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. அவளா? அவ வேலை பாக்கறதே பேட்டரிக்கு சாஃப்ட்வேர் எழுதற கம்பெனில. அப்பா, ஒரு வருஷம் பொறுத்துக்கலாம், செல் வெலை கண்டிப்பா எறங்கும், அதுவரைக்கும் ஆபரேஷனுக்கு அங்க இங்க போக கேப் வெச்சுக்கலாம்னு அதே டேபிள்ல உக்காந்து படிச்சுப் படிச்சுச் சொன்னா. மார்ச் முப்பத்தொண்ணுக்கப்பறம் சலுகை போயிடும், முப்பத்தஞ்சு வருஷம் வரி பாத்தவனுக்கு நீ பாடம் எடுக்கறியான்னு குதிச்சது நான். அவ பேர்ல லோன் அப்ளிகேஷன் நிரப்பினது நான். கையெழுத்து மட்டும்தான் அவளோடது.

ஒண்ணரை வருஷத்துக்கும் மேல தெனம் படிச்சேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அப்பா, நீங்கதானே அவசரப்படுத்தினேள்னு அவ கேட்டிருக்கலாம். அத்தனை பேர் முன்னாடி கொலுல கேட்டிருக்கலாம். கேக்கவே இல்ல. நான் படிக்கறதே அவ அதக் கேட்டுடக்கூடாதேங்கற பயத்துலதான்னு எனக்கே இப்போதான் புரியறது. வெக்கமா இருக்கு க்ளென். பேப்பர நிறுத்திட்டேன்.

இப்போ கடைசிக்கு வந்தாச்சு. ஓனர் நேர்ல வரணுமா?

வேண்டாமா. ஓடிபி போறுமா. அவ போனுக்கு ஒரு நம்பர் போகும், அத அவ உங்களுக்குச் சொன்னாப் போறும், கையெழுத்த உங்க ஆளு அவ ஆபீஸுக்கே போய் வாங்கிண்டுடுவானா. வசதியாத்தான் பண்ணியிருக்கேள். ஒரு மனுஷா மூஞ்சிய இன்னொரு மனுஷா பாக்காம பதினேழு லட்சத்து வண்டி கை மாறிடும்.

உங்களுக்கு முன்னாடியும் வந்திருக்கான்னு சொன்னேனே, நாலு கம்பெனிக்காரா. நாலு பேரும் நல்ல வெலைதான் குடுத்தா. ஒருத்தன் ஏழே கால் வரைக்கும் வந்தான். நாலு பேரும் ஓடிபி போறும்னா. யோசிச்சுச் சொல்றேன்னு அனுப்பிட்டேன். வெலை போறலைன்னு ராம்கி நெனச்சுண்டிருக்கான்.

அதனால உங்க கிட்ட ஒரு ஒத்தாசை கேக்கறேன். உங்க போன்லேருந்து அவளுக்கு ஒரு கால் போடுங்கோ. மேடம், வண்டி வித்தாச்சு, ஓனர் நேர்ல வரணும், வண்டி நிக்கற எடத்துல வெச்சுதான் கையெழுத்து, ரூல்ஸ்னு சொல்லுங்கோ. பொய்தான். எனக்குத் தெரியாதா? முப்பத்தஞ்சு வருஷம் கவுன்டருக்குப் பின்னாடி உக்காந்துண்டு எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன். நீவே பர்பேக்கு, ரூல்ஸ் இதே, நீங்களேதான் வரணும், ரூல்ஸ் இருக்கு. அப்படி ஒரு ரூலே இருக்காது. பாவம், எல்லாரும் நேர்ல வந்து நின்னா. இவளும் வருவா. ரூல்ஸ்னா மீற மாட்டா, அவ அப்படிப்பட்ட பொண்ணு.

வந்தா என்ன சொல்லுவேனா? நான்தான் அவசரப்படுத்தினேன்னு சொல்லணும். அவ்வளவுதான். ரெண்டே வார்த்தை. சிரிக்காம சொல்லணும், அதுதான் கஷ்டம். அப்பறம் அவ வித்துடலாம்னா எடுத்துண்டு போங்கோ, ஏழு பத்துக்கே எடுத்துண்டு போங்கோ, ஏழுக்கே போங்கோ. வேண்டாம்னா உங்களுக்கு டொம்லூர்லேருந்து வந்த அலைச்சலுக்கு நான் குடுத்துடறேன்.

பண்றேளா? நெஜமாவா? மகராஜனா இருங்கோ. இருங்கோ, நம்பர் சொல்றேன். பாக்க வேண்டாம், மனப்பாடம்.

என்னிக்கு வரச் சொல்றதா? சனிக்கிழமை அவளுக்கு லீவுதான். சனிக்கிழமை பத்து மணிக்குன்னு சொல்லுங்கோ. ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம், பஞ்சாங்கத்தப் பாத்துடறேன். சனிக்கிழமை… சனிக்கிழமை அஷ்டமின்னா இருக்கு.

பரவால்ல. வரச் சொல்லுங்கோ.